பூனையும் ஓடும் வீடும்

நாய் ஆளைப் பற்றும், பூனை வீட்டைப் பற்றும் என்பது யாழ்ப்பாணத்து முதியோர் வாயில் அடிக்கடி வரும் பேச்சு. மறுப்பாரின்றி வழங்கிவரும் பேச்சுக்களுள் அதுவும் ஒன்று. அதனை மறுத்து எழுதவே இன்று பேனாவை எடுத்தேன். முழுவதையும் மறுப்பதற்கன்று, பாதியை மறுப்பதற்கு.

அவுஸ்திரேலியாவில் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற தம்பதிகள் பலர் வீட்டை விற்றோ வாடகைக்கு விட்டோ, படுக்கை, அடுப்பு, குளியலறை யாவும் உள்ளடங்கிய மோட்டார் வண்டியொன்றிற் குடியேறி, நாட்டைச் சுற்றுவதையே வாழ்வாகக் கொண்டுவிடுகின்றனர். இவ்வண்டியை இங்குள்ளோர் ‘மோட்டர்ஹோம்’ என்பர்; நான் வீட்டுவண்டி என்றே எழுதப்போகிறேன். இவ்வாறு திரிவோருக்கு ‘நரைத்தலை நாடோடிகள்’ என்று செல்லப்பெயரும் உண்டு. மெல்பேண் நகரின் புறத்தே இருபது ஆண்டுகளுக்கு மேல் குடியிருந்த நானும் என் மனைவியும் இக்கூட்டத்திற் சேரத் தீர்மானித்தபோது, எங்களைப் பற்றிக் கவலைப்பட்டவர் எவருமில்லை. எழுபதை நெருங்கும் கிழவன் ஏழு மீற்றர் நீளமான வண்டியை எவ்வாறு ஓட்டுவான் என்று ஒருவரேனும் கேட்டிருக்கலாம். எல்லோரும் கேட்டது ஒன்றே: “பூனைகளை என்ன செய்யப்போகிறீர்கள்?”

பூனைகள் இரண்டு. மணி என்பது பதினொரு வயதுப் பெட்டை. கறுவல் நான்கு வயதுக் கடுவன். கேட்டவர்களே விடையையும் தந்தார்கள். விலங்குக் காப்பகத்திற் கொடுங்கள் என்றனர் சிலர். வீட்டை வாங்குபவரிடமே விட்டுவிடுங்கள், பூனை வீட்டைத்தானே பற்றும் என்றனர் வேறு சிலர். காப்பகத்துக்குச் செல்வோர் குட்டியைத்தான் தேடுவர். பதினொரு வயதுப் பூனையை அங்கே கொண்டுசென்று விடுவதற்கு என்ன பெயரிட்டு அழைத்தாலும், அதன் பொருள் ஒன்றே. வீட்டோடு விடுவதோ அதனினும் விந்தை. மின்விளக்கையும் திரைச்சீலையையும் விட்டுச்செல்வது போல உயிரொன்றை விற்பனைப் பத்திரத்தின் ஓரத்தில் விட்டுச்செல்லலாம் என்பது எத்தகைய எண்ணம்!

பூனை இடம் பெயரும் பிராணியன்று என்பதே இவ்வாலோசனைகள் யாவற்றுக்கும் அடிப்படை. அது மெய்தானா? சைப்பிரஸ் தீவில், ஏறத்தாழ 9500 ஆண்டுகளுக்கு முற்பட்ட புதைகுழியொன்றில் மனிதன் ஒருவனுக்கு அருகே பூனையொன்றும் புதைக்கப்பட்டிருந்ததைத் தொல்பொருளாய்வாளர் 2004இல் வெளியிட்டனர். அத்தீவில் இயல்பாக வாழ்ந்த காட்டுப்பூனை கிடையாது. ஆகவே அப்பூனையையோ அதன் முன்னோரையோ எவரோ படகில் ஏற்றிக் கடலைக் கடந்து கொண்டுசென்றிருக்க வேண்டும். எகிப்தியர் பூனையைத் தெய்வமாக்கியதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே பூனை மனிதனோடு பயணம் புறப்பட்டுவிட்டது என்பது இதன் பொருள். இன்று உலகெங்கும் வீடுகளில் வளரும் பூனைகள், வட ஆபிரிக்காவிலும் மேற்காசியாவிலும் வாழும் காட்டுப்பூனை இனத்தின் வழிவந்தவை என 2007இல் மரபணு ஆராய்ச்சி காட்டியது. அங்கிருந்து யாழ்ப்பாணத்து அடுப்பங்கரை வரையும் அவை தாமாக நடந்து வந்துவிடவில்லை.

இந்நாட்டுச் சரித்திரத்திலேயே இதற்கு அழகானதொரு சான்றுண்டு. மத்தியூ பிளிண்டர்ஸ் என்ற ஆங்கிலக் கடலோடி 1802, 1803ஆம் ஆண்டுகளில் ‘இன்வெஸ்ரிகேற்றர்’ என்னும் கப்பலில் இக்கண்டத்தை முழுவதும் சுற்றிவந்தார். அவரோடு சுற்றிவந்தது ‘ட்ரிம்’ என்னும் கறுப்புப் பூனை. பாதங்களும் நெஞ்சில் ஒரு புள்ளியும் வெண்மை. ட்ரிம் பிறந்தது 1799இல், நன்னம்பிக்கை முனையிலிருந்து பொட்டனி விரிகுடாவை நோக்கி வந்துகொண்டிருந்த கப்பலொன்றில். பிறந்த மண் என்று சொல்வதற்கு அதற்கு மண்ணே இல்லை. சிறுவயதில் ஒருமுறை கடலில் தவறி விழுந்து, நீந்திவந்து, எறியப்பட்ட கயிற்றைப் பற்றிக்கொண்டு மேலே ஏறியதாம். பிளிண்டர்ஸே அதனை எழுதியிருக்கிறார். 1803இல் அவர்கள் ஏறிவந்த வேறொரு கப்பல் பவளப்பாறையில் மோதி உடைந்தது. பூனை அதிலும் பிழைத்தது. பின்னர் மொரீசியஸ் தீவில் பிரெஞ்சுக்காரர் பிளிண்டர்சைச் சிறைப்படுத்தினர். அவர் அங்குள்ள பெண்மணியொருவரின் வீட்டில் பூனையை வளர்க்கக் கொடுத்தார். சில நாட்களுள் அது காணாமற் போயிற்று. பசித்தவர் எவரேனும் பிடித்துத் தின்றிருக்கவேண்டும் என்று பிளிண்டர்ஸ் வருந்தினார். 1809இல், தீவில் இன்னமும் கைதியாக இருந்தபடியே, அப்பூனைக்கு இரங்கலுரையொன்று எழுதினார்.

கடலும் புயலும் கப்பற்சேதமும் கொண்டுபோகாத பூனையைக் கொண்டுபோனது நிலையான ஒரு வீடு. சிட்னி நூலகத்தின் வெளிப்புறத்தில் பிளிண்டர்சின் சிலைக்குப் பின்னால், சாளர விளிம்பில், 1996இல் வைக்கப்பட்ட ட்ரிமின் சிலை நிற்கிறது. அவ்வழியே செல்வோர் தரித்துப் பார்க்கத்தக்கது.

இனி, பேச்சின் மெய்யான பாதிக்கு வருகிறேன். பூனைக்கு இடப்பற்று உண்டு, அதில் ஐயமில்லை. ஆயினும் அப்பற்று மண்ணின்மீதோ சுவரின்மீதோ உள்ளதன்று, மணத்தின்மீது உள்ளது. பூனையின் கன்னத்திலும் நெற்றியிலும் வாலடியிலும் பாதங்களிலும் மணச்சுரப்பிகள் உண்டு. கதவு நிலையிலும் கதிரைக் காலிலும் நம் முழங்காலிலும் அது முகத்தைத் தேய்ப்பதை நாம் கொஞ்சல் என்று கொள்கிறோம். கொஞ்சலும் இருக்கலாம், அதனோடு ‘இது என்னுடையது’ என்று முத்திரையும் குத்துகிறது. அவ்வாறு முத்திரை குத்தப்பட்ட பொருள்கள், உயரத்தில் ஓர் இருப்பிடம், ஒளிந்துகொள்ள ஓர் இருள்மூலை, மாறாத வேளையில் உணவு ஆகிய நான்கும் எங்கே உளவோ அங்கே பூனையின் வீடு உளது. ட்ரிமுக்குக் கப்பல் வீடாக இருந்தது. கப்பலுக்கு வெளியே உலகம் ஓடிக்கொண்டிருந்தது. அவ்வளவே. வீட்டுவண்டிக்கும் கப்பலுக்கும் இவ்விடயத்தில் வேற்றுமை கிடையாது. வண்டி முதலிற் பூனையின் வீடாகிவிடவேண்டும், அதன் பின்னரே சில்லு உருளவேண்டும் என்பதே நிபந்தனை. வண்டி வாங்கிய உற்சாகத்தில் மறுநாளே பூனையைக் கூட்டிலிட்டுப் புறப்படுவோர், மூன்றாம் நாள் அது உண்ணவில்லை, உறங்கவில்லை என்று திரும்பிவந்து, பூனை வீட்டைத்தான் பற்றும் என்ற பேச்சுக்கு மேலும் ஒரு சாட்சியாகின்றனர்.

எங்கள் வண்டி ஆறு வாரம் வாசலிலேயே நின்றது. புதிய வண்டிக்கு ஒரு நெடி உண்டு. பசை, பிளாஸ்ரிக், ஒட்டுப்பலகை ஆகியவற்றின் நெடி அது. நமக்கே தலையிடி தரும்; பூனைக்கு எத்தகையதாயிருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. முதலிரு வாரமும் பகலெல்லாம் யன்னல்களைத் திறந்துவைத்தோம். பின்னர் வீட்டுப் பொருள்களை ஒவ்வொன்றாக ஏற்றினோம். புதிய வண்டிக்குப் புதிய விரிப்பு வாங்கலாமே என்றேன். மனைவி இணங்கவில்லை. “இஞ்சாருங்கோ, அந்தப் பழைய போர்வையைத் தோய்க்கவும் போடாதேங்கோ, எறியவும் எறியாதேங்கோ” என்று கட்டளையிட்டுவிட்டார். மிருக வைத்தியரும் பின்னர் அதனையே சொன்னார்; ஆலோசனைக் கட்டணம் பெற்றுக்கொண்டு சொன்னார் என்பதே வேற்றுமை. மணியின் உரோமம் படிந்த அப்போர்வையும் கறுவல் நகத்தாற் கீறிக் கந்தலாக்கிய கயிற்றுத் தூணும் முதற் குடிகளாய் வண்டிக்குள் ஏறின.

மாலை வேளைகளில் பூனைகளை ஏற்றி, இராச்சாப்பாட்டை வண்டிக்குள்ளேயே வைத்தோம். முதல் நாள் மணி உணவை முகர்ந்துவிட்டுக் கதவருகே குந்திக்கொண்டது. கறுவல் மறைந்துபோனது. ஏழு மீற்றர் வண்டிக்குள், கதவும் யன்னலும் பூட்டியிருக்க, ஒரு பூனை மறைவது எங்ஙனம்? இரண்டு மணி நேரம் தேடினோம். கைகழுவும் தொட்டியின் கீழுள்ள இழுப்பறையை முற்றாகக் கழற்றியபோது, அதன் பின்னே நீர்க்குழாய் செல்லும் சந்தில் இரண்டு கண்கள் ஒளிர்ந்தன. வண்டி கட்டுவோர் குழாய்க்கும் மின்கம்பிக்கும் விடும் இடைவெளிகள் எண்ணிலடங்கா. தலை நுழைந்த இடத்திற் பூனையின் உடல் நுழைந்துவிடும். மறுநாள் பகல் முழுவதும் தரையிற் படுத்து மின்சூளால் ஒவ்வொரு துவாரமாய்த் தேடி ஒட்டுப்பலகையால் அடைத்தேன். இருள்மூலையொன்று பூனைக்கு வேண்டும் என்று மேலே சொன்னேன் அல்லவா? அம்மூலை நம் கை எட்டும் மூலையாக இருக்கவேண்டும். ஆகவே இருக்கையின் கீழுள்ள பெட்டியொன்றைத் திறந்துவிட்டுப் போர்வையை அங்கே இட்டோம். ஒரு வாரத்தின் பின் இரண்டும் அதற்காகச் சண்டையிட்டன. அன்றுதான் எனக்கு நம்பிக்கை பிறந்தது. தனக்குரியதல்லாத இடத்துக்காகப் பூனை சண்டையிடாது.

வண்டி வாங்கும்போதே கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. நிறுத்தியபின் பக்கச்சுவர் மின்விசையால் வெளியே நீண்டு அறையை அகலமாக்கும் வண்டிகள் பல விற்பனைக்கு உள்ளன. பார்க்க ஆடம்பரமானவை. அச்சுவர் மீண்டும் உள்ளிழுக்கப்படும்போது அதன் வழியிற் பூனை உறங்கிக்கொண்டிருந்தால் என்னாகும் என்பதை விற்பனையாளர் எவரும் சொல்வதில்லை. தொலைக்காட்சிப் பெட்டி எங்கே பொருத்தப்பட்டுள்ளது என்பதை மூன்று தரம் சொல்வர். நாங்கள் சுவர் அசையாத வண்டியையே வாங்கினோம். மணற்தட்டை எங்கே வைப்பது என்பதும் அவர்கள் எண்ணிப்பாராத விடயம். எங்களதோ குளிக்கும் அறையில் இருக்கிறது. நாங்கள் குளிக்கும்போது அது வெளியே வந்து, குளித்தபின் உள்ளே செல்லும். மணலோ பாரமான பொருள். சாதாரண கார் ஓட்டும் அனுமதிப்பத்திரத்தோடு இங்கே 4.5 தொன் வரையான வண்டியை ஓட்டலாம். தண்ணீர், எரிவாயு, துணிமணி, அரிசி, மிளகாய்த்தூள் எல்லாம் அவ்வெல்லைக்குள் அடங்கவேண்டும். மணல் மூட்டைக்கு இடந்தேடி என் புத்தகங்களிற் பாதியை மகள் வீட்டில் இறக்கினேன். எவையெவை இறங்கின என்பது இங்கு வேண்டாம்.

அதன் பின்னர் எஞ்சினை மாத்திரம் இயக்கி, வண்டியை அசைக்காது, பத்து நிமிடம் இருந்தோம். பின்னர் தெருமுனை வரை. பின்னர் இருபது நிமிடம். பின்னர் ஒரு மணி நேரம். வண்டி ஓடும்போது பூனை அவிழ்த்துவிடப்படலாகாது. பிறேக் மிதியின் கீழ் பூனையொன்று ஒடுங்கினால் எல்லோர் கதையும் முடிந்தது. இரண்டும் தத்தம் கூட்டில், கூடு இருக்கைப் பட்டியாற் கட்டப்பட்டு, ஒன்றையொன்று காணத்தக்கவாறு வைக்கப்படும். புறப்படுவதற்கு நாலைந்து மணி நேரம் முன்னர் உணவு நிறுத்தப்படும், இல்லாவிடின் வாந்தி. முதல் நெடும் பயணத்தில் அடிலெயிட் வரையுள்ள எழுநூற்றுச் சொச்சம் கிலோமீற்றரை நான்கு நாட்களிற் கடந்தோம். ஒரு நாளில் ஓட்டி முடிக்கக்கூடிய தூரம் என்று நண்பர்கள் நகைத்தனர். நகைக்கட்டும். பல்லாரற்றைத் தாண்டும் வரை மணி ஓலமிட்டது, பின்னர் ஓய்ந்தது, இரண்டாம் நாள் கூட்டைத் திறந்ததும் தானே போய் உள்ளே படுத்துக்கொண்டது.

இவ்வளவு சிரமம் எதற்கு என்று கேட்போர் உளர். அவர்களுக்கு ஒரு செய்தி.

1995 ஒக்ரோபர் 30ஆந் திகதி இரவு, மழையில், வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கானோர் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சியை நோக்கி நடந்தோம். தோளில் மகள், கையிற் பை. எங்கள் வீட்டுப் பூனை கிணற்றுக்கட்டில் இருந்தது. “அது வீட்டைப் பாத்துக்கொண்டு இருக்கும், பூனை வீட்டைத்தானே பற்றும்” என்றார் என் மாமியார். அவ்விரவில் அதனைக் கொண்டுசெல்ல வழி எவருக்கும் இருக்கவில்லை. குழந்தைகளையும் கிழவர்களையும் கொண்டுசேர்ப்பதே பெரும்பாடு. அடுத்த ஆண்டு சித்திரையில் திரும்பியபோது வீடு நின்றது, கூரையின்றி. பூனை இல்லை. அன்றுதொட்டு அந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது இது: அது பூனையைப் பற்றி எவரும் ஆராய்ந்து சொன்னதன்று, விட்டுச்செல்ல நேர்ந்தவர்கள் தம்மைத் தேற்றிக்கொள்ளச் சொன்னது. அத்தேறுதல் அன்று எங்களுக்கு வேண்டியிருந்தது. மெல்பேணில் வீடு விற்கும்போது எவரும் குண்டு போடவில்லை. ஏழு மீற்றர் வண்டி வாசலில் நின்றது. கனடாவுக்கோ இலண்டனுக்கோ புறப்படுமுன் பூனையை மதிலுக்கு மேலால் அயல்வீட்டுக்குள் விட்டுச்செல்வோர் இன்றும் நம்மூரில் இதே வாக்கியத்தைச் சொல்லிக்கொள்கின்றனர் என்று கேள்விப்படுகிறேன். விமானத்தில் ஏற்ற முடியாமை வேறு; முன்கூட்டியே ஆள் தேடி, பழக்கி, ஒப்படைக்க முடியாமை வேறு.

இது நிற்க. என் கட்சிக்கு எதிராகச் சொல்லத்தக்க வலுவான வாதமொன்றுண்டு. அது பூனையின் நலன் பற்றியதன்று. பறவைகளின் நலன் பற்றியது. 1788இல் வெள்ளையர் குடியேறியபோது இக்கண்டத்துக்குப் பூனையும் வந்தது. காட்டிற் பெருகியவையும் வீட்டில் வளர்பவையுமாகச் சேர்ந்து இந்நாட்டுப் பூனைகள் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 37 கோடியே 70 இலட்சம் பறவைகளைக் கொல்கின்றன என 2017இல் வெளிவந்த ஆய்வொன்று கணக்கிட்டது. ஆகவே ஊர்தோறும் தங்கி ஊர்தோறும் பூனையை அவிழ்த்துவிடும் நாடோடி எவனாயினும் அவனுக்கு எதிராக நானே சாட்சி சொல்வேன். கன்பராவைச் சூழ்ந்த தலைநகரப் பிரதேசத்தில் 2022 யூலை முதலாந் திகதிக்குப் பின் பிறந்த பூனைகள் யாவும் அடைத்தே வளர்க்கப்படவேண்டும் என்பது சட்டம். நல்ல சட்டம். தேசியப் பூங்காக்களுட் பெரும்பாலானவற்றில் வளர்ப்புப் பிராணிகளுக்கு அனுமதியே கிடையாது. எனவே கக்காடுவின் சதுப்பு நிலங்களை நாங்கள் காணப்போவதில்லை. சுதந்திரமாகத் திரியப் புறப்பட்டவர்களுக்கு இரண்டு பூனைகள் வேலி போட்டுவிட்டனவே என்று நண்பரொருவர் எழுதினார். போட்டன. பிள்ளை பெற்றவரும் இதே வேலிக்குள் இருபது வருடம் இருந்தவர்தாமே! கக்காடு நான் பாராமலே இத்தனை காலமும் இருந்தது, இனியும் இருக்கும்.

ஆகவே எங்கள் பூனைகள் வண்டியைவிட்டு இறங்குவது மார்புப் பட்டியும் கயிறும் பூட்டியே. அதனையும் மணி விரும்புவதில்லை. படியில் அமர்ந்து பார்ப்பதோடு சரி. கதவுக்கு உட்புறம் வலைத்திரையொன்று கட்டியிருக்கிறோம். ‘ஒன்று, இரண்டு’ என்று எண்ணாமற் கதவைத் திறப்பதில்லை என்பது வீட்டு விதி. பேரப்பிள்ளைகள் வந்தபோது அவர்களுக்கும் முதலில் இவ்விதியே கற்பிக்கப்பட்டது.

வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை கடுமையாகவே சொல்லவேண்டும். வெளியே 22 பாகை செல்சியஸ் மாத்திரமே இருக்கும் நாளிலும் பூட்டிய காருக்குள் ஒரு மணி நேரத்துள் வெப்பம் 47 பாகைக்கு ஏறிவிடும் எனப் பிரித்தானிய விலங்கு வதைத் தடுப்புச் சங்கம் எச்சரிக்கிறது. வீட்டுவண்டியின் சுவர் காரினதைவிடத் தடித்ததுதான். எனினும் இந்நாட்டுக் கோடையில் அத்தடிப்பு எம்மாத்திரம்? குளிரூட்டும் பொறி பெரும்பாலும் வெளி மின்சாரம் இணைத்தாலன்றி நெடுநேரம் இயங்காது. மின்சாரம் தடைப்பட்டாலோ அதுவும் நின்றுவிடும். ஆகவே கோடையில் இருவரும் ஒருங்கே வெளியே செல்வதில்லை. ஒருவர் கடைக்குச் சென்றால் மற்றவர் பூனைகளோடு இருப்பார். நாற்பது ஆண்டு மணவாழ்விற் கிடைக்காத தனிமை இவ்வாறு எங்கள் இருவருக்கும் வாரத்தில் மூன்று முறை கிடைக்கிறது. மனைவி அதனை மிகவும் மெச்சுகிறார்.

அடுத்த மாதம் வெப்பம் தணிந்தபின் நல்லாபோர் சமவெளியைக் கடந்து மேற்கே செல்வதாக உத்தேசம். அங்கே 146 கிலோமீற்றருக்கு ஒரு வளைவேனும் இல்லாத தெருவொன்றுண்டு. கூட்டில் உறங்கும் பூனைகளுக்கு அதைவிட உவப்பான தெரு அமையாது. புறப்படுமுன் செய்யவேண்டிய காரியமொன்று மீதமிருந்தது. பூனைகளின் தோலின் கீழே அரிசிமணி அளவான சில்லொன்று இடப்பட்டிருக்கிறது. தப்பிய பூனையை எங்கேனும் எவரேனும் மிருக வைத்தியரிடம் கொண்டுசென்றால், கருவியை மேலே பிடித்ததும் பதினைந்து இலக்க எண்ணொன்று தோன்றும். அவ்வெண்ணைக் கொண்டு பதிவேட்டில் உரிமையாளரைத் தேடுவர். பதிவேட்டில் இருந்ததோ நாங்கள் விற்றுவிட்ட வீட்டின் முகவரி. வீடு மாறும் பலர் மின்சாரக் கணக்கை மாற்றுவர், இதனை மாற்ற மறப்பர். சென்ற வாரம் பதிவாளருக்குத் தொலைபேசியெடுத்தேன். நிலையான முகவரி ஒன்று கட்டாயம் வேண்டும் என்றாள் மறுமுனையிற் பேசிய பெண். மகளின் முகவரியைக் கொடுத்து, எங்கள் இருவர் கைத்தொலைபேசி எண்களையும் அதனருகே பதியச் செய்தேன். பூனைகள் வழக்கமாக எங்கே வசிக்கின்றன என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று அவள் கேட்டாள். வண்டியின் இலக்கத் தகட்டில் உள்ளதைச் சொன்னேன். சற்றுத் தயங்கிவிட்டு, எழுத்தெழுத்தாகத் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துப் பதிந்துகொண்டாள்.